மூன்று ரூபாய் சிப்புக்கு எதற்கு இவ்வளவு பெரிய பூட்டு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், இன்டர்நெட்டில் உலாவுவார்கள், கடிதம் டைப் செய்து பிரிண்ட் எடுப்பார்கள். பிறகு ஒரு நாள், 'இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?' என்ற கேள்வி வரும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு இன்னொரு கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுங்கள் என்பேன். அந்த இன்னொரு கம்ப்யூட்டர் சுண்டு விரல் நகம் அளவுக்குக்கூட இருக்கலாம். அதன் பெயர் மைக்ரோ கண்ட்ரோலர்.

வாஷிங் மெஷின், டி.வி. ரிமோட், பிறந்த நாள் வாழ்த்து அட்டையில் பாட்டுப் பாடும் சிறு பலகை, குழந்தைகளின் பொம்மை, எமர்ஜென்சி விளக்கு என எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இதற்கு மானிட்டர் கிடையாது, கீ போர்டு கிடையாது. ஒரு சிறிய புரோகிராம் மட்டும் உள்ளே இருக்கும். கரண்ட் கொடுத்தவுடன் அது ஓடத் தொடங்கும். நிறுத்தும் வரை அதையே செய்துகொண்டிருக்கும்.

அந்தப் புரோகிராம் சிப்புக்குள் எப்படிப் போகிறது? இங்குதான் 'புரோகிராமர்' வருகிறது. புரோகிராமர் என்றவுடன் கண்ணாடி அணிந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் புரோகிராமர் என்பது ஒரு சாதனம். ஒரு பக்கம் உங்கள் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகப்படும். மறு பக்கம் நாலைந்து வயர்கள் மூலம் சிப்புடன் இணைக்கப்படும். நீங்கள் சி மொழியில் எழுதும் புரோகிராமை கம்பைலர் ஒரு 'ஹெக்ஸ்' பைலாக மாற்றித் தரும். அந்த பைலைச் சிப்புக்குள் எழுதிவிடுவது இந்தச் சாதனத்தின் வேலை.

சிப் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் சிப்பின் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு எழுதும் புரோகிராமர் யாருடையது, அதன் வரைபடம் வெளிப்படையாகக் கிடைக்கிறதா என்று கேட்பவர் மிகக் குறைவு. என் கருத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

இதற்கு நல்ல உதாரணம் தைவான் நாட்டின் படாக் நிறுவனத்தின் சிப்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் தம் 'ஈ.ஈ.வி. பிளாக்' வீடியோக்களால் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களிடையே உலகம் முழுக்க அறியப்பட்டவர். 2018-ல் அவர் இந்த நிறுவனத்தின் 'பி.எம்.எஸ். 150 சி' என்ற சிப்பை அறிமுகம் செய்தார். விலை 3 அமெரிக்க சென்ட். நம் கணக்கில் ஏறத்தாழ மூன்று ரூபாய். ஒரு சாக்லெட் விலையில் ஒரு கம்ப்யூட்டர் என்று பலரும் வியந்து போனார்கள். 1024 கட்டளைகளுக்கு இடமும் 64 பைட் ராம் மெமரியும் அதில் உண்டு. விளக்கை மினுக்கவும், பட்டனைக் கவனிக்கவும், சிறு மோட்டாரை ஓட்டவும் இது தாராளமாகப் போதும்.

அடுத்த நிமிடமே உற்சாகம் வடிந்தது. சிப் மூன்று ரூபாய்தான். ஆனால் அதற்கு எழுத வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் 'ரைட்டர்' வேண்டும். அதன் விலையில் சிப்களை மூட்டையாக வாங்கலாம். சாப்ட்வேர் விண்டோஸில் மட்டும் இயங்கும். வழக்கமான சி மொழி கிடையாது. அவர்களே உருவாக்கிய 'மினி சி'. கம்பைலர் தரும் பைலும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். சிப்பில் எந்தச் சிக்னலை எந்த வரிசையில் கொடுத்தால் எழுதலாம் என்ற விவரம் டேட்டா ஷீட்டில் இல்லை. கட்டளைகளின் பைனரி வடிவமும் இல்லை. அதாவது பொருளை நமக்கு விற்றுவிட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் பொம்மைத் தொழிற்சாலைகள். லட்சக்கணக்கில் வாங்கும் தொழிற்சாலைக்கு ரைட்டரின் விலை ஒரு பொருட்டே அல்ல. பத்துச் சிப் வாங்கும் நம்மை அவர்கள் மனதில் வைக்கவே இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. சாப்ட்வேரையும் சிக்னல்களையும் ஆராய்ந்து, கட்டளைகளின் வடிவத்தையும் எழுதும் முறையையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். 'ஃப்ரீ பி.டி.கே.' என்ற பெயரில் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதிதான் 'ஈஸி பி.டி.கே. புரோகிராமர்'. அதன் சர்க்யூட், போர்டு வரைபடம், உள்ளே ஓடும் புரோகிராம் என எல்லாமே ஓப்பன் சோர்ஸ். எஸ்.டி.சி.சி. என்ற இலவச சி கம்பைலரும் இந்தச் சிப்களை ஏற்கத் தொடங்கியது. விண்டோஸ் மட்டுமல்ல, லினக்ஸிலும் இப்போது வேலை செய்யலாம்.

இந்த புரோகிராமர் செய்யும் வேலையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. 'பைலை எடுத்துச் சிப்பில் போடுவதில் என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றலாம்.

முதலில், யு.எஸ்.பி. போர்ட் தருவது 5 வோல்ட். இந்தச் சிப்பில் எழுத அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். எனவே போர்டிலேயே வோல்டேஜை உயர்த்தும் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாவது, இந்தச் சிப் ஒரு முறை மட்டுமே எழுதக்கூடியது. நாம் பயன்படுத்திய சி.டி.-ஆர் டிஸ்க் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சிப்பில் எல்லா பிட்களும் 1 ஆக இருக்கும். எழுதுவது என்றால் சிலவற்றை 0 ஆக்குவது. 0 ஆனது மீண்டும் 1 ஆகாது. மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு மலிவான சிப்பின் உள்ளே இருக்கும் கடிகாரம் துல்லியமாக இருக்காது. ஒன்று சற்று வேகமாக ஓடும், இன்னொன்று மெதுவாக ஓடும். புரோகிராமர் என்ன செய்கிறது தெரியுமா? சிப்பை ஓடவிட்டு, அதன் வேகத்தை அளந்து, இந்தச் சிப்புக்கு இவ்வளவு திருத்தம் தேவை என்று கண்டுபிடித்து, அந்த எண்ணை அதே சிப்பில் காலியாக விட்டு வைத்த இடத்தில் எழுதிவிடுகிறது. தையல்காரர் அளவெடுத்துத் தைப்பது போல, ஒவ்வொரு சிப்புக்கும் தனி அளவு!

தொழிற்சாலை ரகசியமாக இருந்த வேலை இது. இன்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்னும் நிலைக்கு வந்திருக்கிறது. (இதே நிறுவனத்தின் 'பி.எஃப்.எஸ். 154' போன்ற சில சிப்களில் அழித்து அழித்து எழுதலாம். கற்றுக்கொள்பவர்கள் அதை வாங்குவதே புத்திசாலித்தனம்.)

முட்டை முதலா, கோழி முதலா?

ஈஸி பி.டி.கே. போர்டில் உள்ள பாகங்கள் மிகச் சிறியவை. சால்டரிங் புதிதாகப் பழகுபவர் கையில் அது நிற்காது. முதல் முறை செய்து பார்க்க நான் சொல்வது ஏ.வி.ஆர். வகைச் சிப்களையும், அவற்றுக்கான 'யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி.' என்ற புரோகிராமரையும்தான்.

ஏ.வி.ஆர். சிப்கள் நார்வே நாட்டு மாணவர்கள் இருவரின் யோசனையில் பிறந்தவை. ஆட்மெல் நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. 2016-ல் ஆட்மெல்லை மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிவிட்டது. இந்தச் சிப்களுக்கு எழுதும் முறை டேட்டா ஷீட்டிலேயே அச்சிடப்பட்டுள்ளது. ரகசியம் ஏதும் இல்லை. சிப்பின் ரீசெட் பின்னை கிரவுண்ட் நிலையில் வைத்துக்கொண்டு மூன்று வயர்களில் பேச வேண்டும். ஒன்றில் நாம் அனுப்புவது போகும். இன்னொன்றில் சிப்பின் பதில் வரும். மூன்றாவது தாளம் போடும். முதலில் நான்கு பைட்கள் அனுப்ப வேண்டும். அவற்றில் இரண்டாவது பைட், ஹெக்ஸ் எண் முறையில் 53. சிப் உயிரோடு இருந்தால் அதே 53-ஐத் திருப்பிச் சொல்லும். அதன் பிறகு உங்கள் புரோகிராமை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிடும். 'யாருப்பா அங்கே?' என்று கூப்பிட்டால் 'நான்தான்' என்று குரல் வருவது போல!

ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி.யில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு 'ஏ.டி. மெகா 8' சிப், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, சில ரெசிஸ்டர்கள், சில கபாசிட்டர்கள், ஒன்றிரண்டு எல்.இ.டி., 10 பின் கனெக்டர். முடிந்தது. இதில் வேடிக்கை, ஏ.டி. மெகா 8 சிப்பில் யு.எஸ்.பி. வசதியே கிடையாது. ஆஸ்திரியாவின் ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் எழுதி வெளியிட்ட ஒரு புரோகிராம், சாதாரண இரண்டு பின்களையே யு.எஸ்.பி. போல நடிக்க வைக்கிறது. வினாடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் தகவல் வருகிறது. சிப்போ வினாடிக்கு 120 லட்சம் துடிப்பு. ஆக ஒரு பிட்டைக் கவனித்து முடிக்க எட்டே துடிப்புகள்தான் நேரம். அந்த எட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கி எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாலை நேரங்கள் ஆயின. அவற்றில் ஒன்றுகூட வீண் இல்லை.

இப்போது ஒரு சிக்கல் உங்களுக்கே தோன்றியிருக்கும். புரோகிராமருக்குள்ளும் ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் இருக்கிறதே, அதற்கு யார் புரோகிராம் எழுதுவது? ஒரு புரோகிராமர் செய்ய இன்னொரு புரோகிராமர் வேண்டுமா?

2000-களில் இதற்குப் பதில் சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டரின் பின்புறம் பிரிண்டருக்கான பாரலல் போர்ட் என்று 25 துளை உள்ள ஒரு இணைப்பு இருக்கும். அதில் சில ரெசிஸ்டர்களைச் சால்டர் செய்தால் அதுவே ஒரு புரோகிராமர். இன்றைய லேப்டாப்களில் அந்த போர்ட் இல்லை. யு.எஸ்.பி.யிலிருந்து பாரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால் போதாதா என்று கேட்காதீர்கள். அது பிரிண்டருடன் பேச மட்டுமே தெரிந்தது. இந்த வேலைக்கு ஆகாது.

இன்று அந்த இடத்தை ஆர்டினோ பிடித்திருக்கிறது. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்த போர்டு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கல்லூரிப் பையில்கூட இருக்கலாம். ஆர்டினோ சாப்ட்வேரில் 'எக்ஸாம்பிள்ஸ்' மெனுவிலேயே 'ஆர்டினோ ஐ.எஸ்.பி.' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதை ஆர்டினோ யூனோவில் ஏற்றினால் அந்த போர்டே புரோகிராமர் ஆகிவிடும். 11, 12, 13 ஆகிய பின்கள் பேசும் வயர்கள். 10-வது பின், எழுத வேண்டிய சிப்பின் ரீசெட்டுக்குப் போகும். இவற்றுடன் 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுக்க வேண்டும். யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபேரட் கபாசிட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். இல்லையென்றால் எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் யூனோ தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். ஏற்றிய பிறகுதான் கபாசிட்டர், முன்பு அல்ல.

இப்படி ஆர்டினோவைக் கொண்டு ஏ.டி. மெகா 8-ல் யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி.யின் ஹெக்ஸ் பைலை எழுதலாம். எழுதும் சாப்ட்வேர் 'ஏ.வி.ஆர். டூட்'. இதுவும் ஓப்பன் சோர்ஸ், விலை இல்லை. கடைசியாக 'ஃபியூஸ்' என்று ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். இது கரண்ட் பாக்ஸில் இருக்கும் ஃபியூஸ் அல்ல. சிப் தன் உள் கடிகாரத்தில் ஓட வேண்டுமா, வெளியே உள்ள கிரிஸ்டலில் ஓட வேண்டுமா என்பது போன்ற விருப்பங்களைக் குறிக்கும் பைட்கள். புதிய ஏ.டி. மெகா 8 தன் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதை 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு மாற்ற வேண்டும். ரீசெட் பின்னை முடக்கும் ஃபியூஸ் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. அதன் பக்கம் போகவே போகாதீர்கள். அதை மாற்றிவிட்டால் இந்த முறையில் அந்தச் சிப்புடன் மீண்டும் பேச முடியாது. 12 வோல்ட் கொடுத்து எழுதும் தனிச் சாதனம் தேவைப்படும்.

செய்து முடித்தவுடன் அதை யு.எஸ்.பி.யில் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டர் உங்கள் சாதனத்தை அடையாளம் கண்டுகொள்ளும். கடையில் வாங்கிய பென் டிரைவை அடையாளம் காண்பதைப் போலவே.

கடையில் கிடைக்கிறதே, ஏன் செய்ய வேண்டும்?

நியாயமான கேள்வி. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி. தயாராகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஃபிஷ்ல் இதை ஜி.பி.எல். லைசென்ஸில் வெளியிட்டிருப்பதால் யாரும் செய்து விற்கலாம். ஆனால் விற்பவர்கள் சோர்ஸ் கோடையும் தர வேண்டும் என்பது அதே லைசென்ஸின் நிபந்தனை. பெட்டிக்குள் அதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. வடிவமைத்தவரின் பெயரும் இருப்பதில்லை. வாங்குபவர் இதை ஏதோ பெயரில்லாத சீனப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறார். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் உழைப்பை இலவசமாகக் கொடுத்தார் என்றால், பெயரையாவது சொல்லலாம் அல்லவா?

நான் செய்யச் சொல்வதற்குக் காரணம் பணம் மிச்சமாவது அல்ல. வேறொரு அனுபவம்.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் ஒரு நிறுவனத்தின் புரோகிராமரை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அழகான பெட்டி, வண்ண அட்டை, சி.டி., எல்லாம் இருந்தது. பல ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்தது. பிறகு 64 பிட் விண்டோஸ் உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கினேன். 32 பிட்டுக்கு எழுதப்பட்ட டிரைவர் அதில் ஏறாது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். 'அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதிய மாடலை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. சாதனத்தில் ஒரு பழுதும் இல்லை. எல்.இ.டி. இன்றும் பச்சையாக எரிகிறது. ஆனால் பேசுவதற்கு ஆள் இல்லை. அதன் சோர்ஸ் கோடு கிடைத்திருந்தால், எனக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்த யாராவது ஒருவர் உலகின் ஏதோ ஒரு மூலையில் டிரைவரைத் திருத்தியிருப்பார்.

யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி.க்கும் விண்டோஸ் டிரைவர் தொல்லை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. பலர் திணறினார்கள். பிறகு 'ஸாடிக்' என்ற இலவசப் புரோகிராம் வந்தது. அதை ஓடவிட்டுச் சில கிளிக் செய்தால் சரியான டிரைவர் இன்ஸ்டால் ஆகிவிடும். இரண்டு சாதனங்களுக்கும் வந்த நோய் ஒன்றுதான். ஒன்றுக்கு மருந்து கிடைத்தது, இன்னொன்று என் அலமாரியில் தூங்குகிறது.

'எழுதும் முறையை ரகசியமாக வைத்தால்தான் தொழிற்சாலைகளின் புரோகிராமை மற்றவர்கள் காப்பி அடிக்க முடியாது' என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எழுதும் முறை வேறு, உள்ளே இருப்பதைப் படிப்பது வேறு. ஏ.வி.ஆர். சிப்பில் 'லாக் பிட்' என்று ஒன்று உண்டு. அதை எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் புரோகிராமை வழக்கமான முறையில் திரும்பப் படிக்க முடியாது. முழுவதையும் அழித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். எழுதும் முறை ஊருக்கே தெரிந்திருந்தும் இது வேலை செய்கிறது. ரகசியம் காக்க வேண்டிய இடம் சிப்புக்குள். வாடிக்கையாளரின் மேசையில் அல்ல. மேலும், முறையை வெளிப்படையாக அச்சிட்ட ஏ.வி.ஆர்.தான் ஆர்டினோவின் சிப்பாகி உலகம் முழுக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனது. வெளிப்படையாக இருந்ததால் அதன் வியாபாரம் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ரகசியம் இல்லாமலும் மலிவாக விற்கலாம் என்பதற்குச் சீனாவின் டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் 'சி.எச். 32 வி 003' இன்னொரு சான்று. 2022-ல் வந்த இந்தச் சிப் 10 சென்ட் அளவில் விற்றது. ரிஸ்க்-5 வகை, 48 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோ பைட் பிளாஷ் மெமரி. ஒரே ஒரு வயரில் எழுதலாம். நிறுவனமே மலிவான புரோகிராமர் தருகிறது. அதோடு ஆர்வலர்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரும் புரோகிராமர்களும் உண்டு. படாக் சிப்பைவிட விலை கூடுதல்தான். ஆனால் எழுதும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எது மலிவு என்று வீட்டில் இருந்து கற்றுக்கொள்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சிப் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: 'இதுக்கு எழுதுற புரோகிராமரை நானே செய்ய முடியுமா?' அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் சிப்பின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து டேட்டா ஷீட்டை டவுண்லோடு செய்யுங்கள். 'புரோகிராமிங்' என்ற தலைப்பில் பின்களின் படமும் சிக்னல்களின் வரிசையும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் பக்கமாக இருந்தால் தைரியமாக வாங்கலாம். 'எங்கள் ரைட்டரைப் பயன்படுத்தவும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்தச் சிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 2016-க்குப் பிறகு வந்த புதிய ஏ.வி.ஆர். சிப்கள் பலவற்றில் எழுதும் முறை மாறிவிட்டது. 'யு.பி.டி.ஐ.' என்ற ஒற்றை வயர் முறையில்தான் அவை பேசும். யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி. அங்கே உதவாது. அதற்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சாதாரண போர்டு ஒன்று, ஒரு டயோடு அல்லது ஒரு ரெசிஸ்டர், இவை போதும். ஏ.வி.ஆர். டூட்டின் புதிய பதிப்புகளில் 'சீரியல் யு.பி.டி.ஐ.' என்ற பெயரில் அதற்கான வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதியதை டவுண்லோடு செய்துகொண்டு தொடங்குங்கள்.